அண்டார்டிகா க்ரூஸ் சீசன்: எந்த மாசம் போறீங்கங்கிறதுதான் எங்க போறீங்கங்கிறதையே முடிவு பண்ணும்

அண்டார்டிகா போகணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல கேக்குறது எவ்ளோ செலவாகும்னு, அப்புறம் குளிர் தாங்குமான்னு. எந்த மாசம் போறதுன்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. ஆனா மத்த எல்லாத்தையும், அதாவது என்ன பாப்பீங்க, எவ்ளோ தூரம் தெற்க போவீங்க, காலை எங்க வைக்க முடியும்ங்கிறது வரைக்கும் முடிவு பண்றது அந்த மாசம்தான். நவம்பர்ல போறவரும் மார்ச்ல போறவரும் திரும்பி வந்து ஒரே இடத்தைப் பத்தி பேசுற மாதிரியே இருக்காது. அதனால இந்த சீசன்ங்கிற விஷயம் எப்படி ஓடுதுன்னு அடியில இருந்து சொல்றேன், இது தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா விளங்கிடும்.

சீசன் அக்டோபர் கடைசியிலயோ நவம்பர்லயோ ஆரம்பிச்சு மார்ச் கடைசியோட முடிஞ்சிடும், அஞ்சு மாசம்தான். அங்க கோடைக்காலம் நமக்கு நேர் தலைகீழா வர்றதால டிசம்பர் ஜனவரிதான் உச்சி. ஏன் இந்த அஞ்சு மாசம் மட்டும்னா கடல்பனி. செப்டம்பர் வாக்குல அண்டார்டிகாவைச் சுத்தி கடலே உறைஞ்சு சுமார் 1.8 கோடி சதுர கிலோமீட்டருக்கு பனி விரிஞ்சு கிடக்கும், அது கண்டத்தோட பரப்பளவை விட பெருசு. பிப்ரவரி கடைசியில அதே பனி கரைஞ்சு உடைஞ்சு சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கோ அதுக்கும் கீழயோ சுருங்கிடும். இந்த பனி பின்வாங்க பின்வாங்கத்தான் கப்பல் உள்ள போகுது, சீசன்னு நாம சொல்றது அந்த பின்வாங்கலைத்தான்.

இன்னொன்னு, அண்டார்டிகா போறோம்னு சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்க போறது அந்த கண்டத்துல தென் அமெரிக்காவைப் பாத்து வால் மாதிரி நீண்டிருக்கிற தீபகற்பத்துக்கு மட்டும்தான், அதுலயும் மேற்குக் கரைக்கு. அங்கதான் பனி சீக்கிரம் விலகும், அங்கதான் பென்குயின் கூட்டங்கள் நெருக்கமா இருக்கு, அர்ஜென்டினாவோட உஷுவாயா துறைமுகத்துல இருந்து சுமார் 1,000 கிலோமீட்டர்ல போய்ச் சேந்துடலாம். நம்ம இந்தியாவோட மைத்ரி, பாரதி ஸ்டேஷனெல்லாம் கிழக்குப் பக்கம், இந்த கப்பல்கள் போற இடத்துல இருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, அதை வழியில பாக்கலாம்னு நெனச்சிடாதீங்க. படத்துல பாக்குற அந்த பெரிய எம்பரர் பென்குயினையும் சாதாரண ட்ரிப்ல எதிர்பாக்காதீங்க, அதுங்க குளிர்காலத்துல கடல்பனி மேல முட்டை வெச்சு குஞ்சு வளக்குறதால அந்த கூட்டங்கள்லாம் ரொம்ப ஒதுக்குப்புறமா இருக்கும். பனிக்கரடி இங்க கிடையவே கிடையாது, அது ஆர்க்டிக் பக்கம்.

சாதாரண க்ரூஸ் கப்பலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, இதுல கப்பல் உங்களை ஒரு துறைமுகத்துல கொண்டு போய் விடாது, ஏன்னா அங்க அப்படி ஒரு துறைமுகமே இல்ல. கப்பல் ஆழமான தண்ணியில நிக்கும், அங்க இருந்து ஜோடியாக்னு சொல்ற காத்தடிச்ச ரப்பர் போட்ல பத்து பத்து பேரா ஏத்தி கரைக்கு கூட்டிட்டுப் போவாங்க. இந்த முறையை ஆரம்பிச்சு வெச்சவர் லார்ஸ் எரிக் லிண்ட்ப்ளாட்ங்கிற ஸ்வீடன்ல பிறந்த அமெரிக்கர், 1966ல அர்ஜென்டினா கடற்படைக் கப்பல் ஒன்னை வாடகைக்கு எடுத்து டூரிஸ்ட்டுகளைக் கூட்டிட்டுப் போனார், அப்புறம் 1969ல இதுக்குன்னே ஒரு சின்ன கப்பல் கட்டினார். கூடவே இயற்கையைப் பத்தி படிச்சவங்களை கூட்டிட்டுப் போறது, ராத்திரி உக்காந்து அன்னிக்கு பாத்ததைப் பத்தி பேசுறது, இதெல்லாம் அவர் காலத்துல இருந்து வர்ற பழக்கம்தான், இன்னிக்கு வரைக்கும் அப்படியே தொடருது.

1990களோட தொடக்கத்துல ஒரு சீசனுக்கு 7,000 பேர் போனாலே பெருசு. 2023-24 சீசன்ல 1,20,000 பேருக்கு மேல போயிருக்காங்க. இந்த வளர்ச்சி எனக்கு கவலையாத்தான் இருக்கு, அதை அப்புறம் சொல்றேன். இவ்ளோ பேர் போனாலும் எல்லாம் இடிச்சுக்காம எப்படி நடக்குதுன்னா அதுக்கு ரூல்ஸ் இருக்கு. 1959ல 12 நாடுகள் கையெழுத்துப் போட்ட அண்டார்டிகா ஒப்பந்தம், அதுக்கு மேல 1991ல மாட்ரிட்ல வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு உடன்படிக்கை, அதே 1991ல டூர் கம்பெனிகளே சேந்து ஆரம்பிச்ச ஐயாட்டோங்கிற சங்கம். இதுல இருந்து வர்ற ரூல்ஸ்ல ஒரு பயணிக்கு முக்கியமானது இதுதான்: 500 பேருக்கு மேல பயணிகள் இருக்கிற கப்பல் யாரையும் கரையில இறக்கவே கூடாது, எந்த இடத்துலயும் ஒரு நேரத்துல 100 பயணிகளுக்கு மேல நிக்கக் கூடாது, 20 பேருக்கு ஒரு கைடு, ஒரு இடத்துல ஒரு நேரத்துல ஒரு கப்பல்தான். எந்த கப்பல் எந்த நாள் எந்த இடத்துக்கு வரும்னு சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கம்பெனிகள் எல்லாம் ஒரே பொது அட்டவணையில புக் பண்ணி வெச்சுக்குவாங்க, அதனாலதான் அங்க போறவங்களுக்கு வேற கப்பலே கண்ணுல படாத மாதிரி இருக்கும்.

இந்த 100 பேர் ரூலை வெச்சே கப்பலைத் தேர்ந்தெடுக்கலாம். 100 பேர் கப்பல்னா எல்லாரும் ஒரே நேரத்துல இறங்கலாம். 200 பேர்னா பாதி பேர் கரையில இருக்கும்போது மீதி பாதி ஜோடியாக்ல பனிப்பாறைகளைச் சுத்திட்டு இருப்பாங்க, அப்புறம் மாத்திக்குவாங்க, இது நல்லாவே ஓடும். 400, 500 பேர் கப்பல்னா உங்க முறை வர்றதுக்கு காத்திருக்கணும், கரையில கெடைக்கிற நேரமும் குறையும். என்னைக் கேட்டா, ரூமுக்கு பால்கனி இருக்கா, நீச்சல் குளம் இருக்கான்னு பாக்குறதுக்கு முன்னாடி எத்தனை பயணிகள்னு பாருங்க, காசு கொடுத்து வாங்குறது அந்த கரையில நிக்குற நேரத்தைத்தான்.

சரி, மாசம் மாசமா வர்றேன். இதான் முக்கியம்.

நவம்பர்ல போனா எல்லாமே வெள்ளை. குளிர்காலத்து பனி இன்னும் கலையாம, ஒரு கால் தடம் கூட இல்லாம கிடக்கும், கரையில ஏறினா முழங்கால் வரைக்கும் புதையும். சில வாய்க்கால்கள் இன்னும் பனியால அடைச்சிருக்கும், லெமேர் கால்வாய் மாதிரி பேர் போன இடத்துக்கு போக முடியாமலே திரும்புறதும் நடக்கும். ஆனா பென்குயின்கள் கூடு கட்டுறது இப்பதான். ஜென்டூ பென்குயினுக்கு கூடுன்னா கூழாங்கல்லு குவியல்தான், வேற ஒன்னும் கிடையாது அந்த ஊர்ல. ஆண் ஒரு கல்லை அலகுல கவ்விக்கிட்டு தத்தித் தத்தி வந்து பெண்ணோட காலடியில வைக்கும், அது குனிஞ்சு பாத்து எடுத்து ஓரமா அடுக்கும், இந்தப் பக்கம் இவங்க ரெண்டு பேரும் இதுல மும்முரமா இருக்கும்போது பக்கத்து கூட்டுக்காரர் பின்னாடி இருந்து மெதுவா ஒரு கல்லை உருவிட்டுப் போயிடுவார். நல்ல கல்லு பனிக்கு அடியில மாட்டிட்டு இருக்கிறதால இந்த மாசத்துல ஒரு கல்லுக்கு அவ்ளோ மதிப்பு. வேடிக்கைன்னு தோணும், ஆனா உயரமான கூடு இல்லேன்னா பனி உருகுற தண்ணியில முட்டை நனைஞ்சு வீணாப் போயிடும், அதுக்காகத்தான் இந்த பாடு.

டிசம்பர், ஜனவரி உச்ச காலம். ராத்திரின்னு ஒன்னு சரியா வராது, சூரியன் கொஞ்ச நேரம் மறைஞ்சாலும் முழுசா இருட்டாது, பதினொரு மணிக்கு டெக்ல நின்னு புத்தகம் படிக்கலாம். வெயில் அடிக்கிற நாள்ல வெப்பநிலை சைபரைச் சுத்தி, சில நாள் அதுக்கும் மேல போகும், ஜாக்கெட்டைத் திறந்து விட்டுட்டு நிக்குறவங்களைப் பாக்கலாம். காத்து அடிச்சா மட்டும் கதை மாறிடும். முட்டையை 35 நாள் வாக்குல அடைகாத்து டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்குல குஞ்சு பொரிக்கும். ஸ்குவானு ஒரு பழுப்பு நிற பறவை கூட்டத்துக்கு மேலயே வட்டம் போட்டுட்டு இருக்கும், ஒரு தாய் கொஞ்சம் எழுந்து நின்னா போதும், முட்டை போச்சு. விலையும் இந்த மாசங்கள்லதான் அதிகம், கிறிஸ்துமஸ் புத்தாண்டு லீவு வேற சேந்துக்கும்.

பிப்ரவரி, மார்ச் வந்தா வெள்ளை போயிடும்னு சிலர் குறை சொல்லுவாங்க. உண்மைதான், கரையெல்லாம் சேறும் பென்குயின் எச்சமுமா இருக்கும், கருவாட்டுக் கிடங்குக்குள்ள நுழைஞ்ச மாதிரி நாத்தம் கப்பல் வரைக்கும் வரும், பனி மேல சிவப்பும் பச்சையுமா பாசி படிஞ்சிருக்கும். ஆனா என் மனசுக்கு பிடிச்ச காலம் இதுதான், காரணம் திமிங்கலம். ஹம்ப்பேக் திமிங்கலங்கள் கொலம்பியா, ஈக்வடார், கோஸ்டாரிகா பக்கத்து வெதுவெதுப்பான கடல்ல குட்டி போட்டுட்டு கிரில்னு சொல்ற குட்டி இறால் மாதிரி உயிரைத் திங்கிறதுக்காக இவ்ளோ தூரம் நீந்தி வருதுங்க, சீசன் கடைசியில ஜெர்லாஷ் ஜலசந்தி பக்கம் எங்க பாத்தாலும் ஊதுற சத்தம் கேக்கும். ஜோடியாக் ஓட்டுறவர் இன்ஜினை நிறுத்திடுவார். பக்கத்துல குமிழி வட்டமா மேல வரும், அந்த வட்டத்துக்கு நடுவுல வாயைப் பொளந்துக்கிட்டு ஒன்னோ ரெண்டோ எழும்பும், கிரிலை குமிழியால வலை போட்டு வளைச்சுப் பிடிக்கிற வேலை அது. இருபதாம் நூற்றாண்டுல இதே கடல்ல வேட்டையாடி கிட்டத்தட்ட துடைச்சு எடுத்த உயிர்கள் இதுங்க, 1963ல இங்க ஹம்ப்பேக் வேட்டைக்கும், 1986ல மொத்த வணிக வேட்டைக்கும் தடை வந்ததுக்கப்புறம் மெல்ல மெல்ல மீண்டு வந்திருக்கு, அதைக் கண்ணால பாக்க முடியுதுங்கிறதே பெரிய விஷயம். திமிங்கலம் கூடுற பகுதியில கப்பல்கள் 10 நாட், அதாவது மணிக்கு சுமார் 18 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக் கூடாதுன்னு ஐயாட்டோ ரூல் வெச்சிருக்கு.

அதே பிப்ரவரியில பென்குயின் குஞ்சுங்க பெத்தவங்க சைஸுக்கு வளந்துடும், சாப்பாடு கேட்டு அப்பாவையோ அம்மாவையோ கரை பூரா துரத்தும், அது ஓட, இதுங்க ரெண்டும் பின்னாடியே இறக்கையை விரிச்சுக்கிட்டு விழுந்து எழுந்து ஓட, கடைசியில விடாம துரத்துறதுக்குத்தான் சாப்பாடு. முதல் தடவை தண்ணியில இறங்குற குஞ்சுக்காக லெப்பர்ட் சீல் கரையோரமா காத்துக்கிட்டு இருக்கும், அதையும் பாக்க வேண்டி வரும். பெரிய பென்குயின்கள் குஞ்சு வேலை முடிஞ்சதும் பழைய இறகை மொத்தமா உதிர்த்துட்டு புதுசு முளைக்கிற வரைக்கும் ரெண்டு மூணு வாரம் கடலுக்கே போகாம பட்டினியா ஒரே இடத்துல நிக்கும், அப்ப அதுங்க கிட்ட போய் பயமுறுத்தினா இருக்கிற கொழுப்பையும் வீணா செலவழிக்கும், கைடுகள் தள்ளி நில்லுன்னு கத்துறது சும்மா இல்ல. பனி நல்லா விலகிட்டதால 66 டிகிரி 33 நிமிஷம்ங்கிற அண்டார்டிக் வட்டத்தைத் தாண்டிப் போற ட்ரிப்பெல்லாம் பெரும்பாலும் இந்த சமயத்துலதான்.

தெற்கு ஜார்ஜியா தீவையும் சேத்துப் போற நீண்ட ட்ரிப் இருக்கு, மூணு வாரம் வரைக்கும் ஆகும். அங்க செயின்ட் ஆண்ட்ரூஸ் பேல கிங் பென்குயின்கள் லட்சக்கணக்குல நிக்கும், கிரிட்விக்கன்ல பழைய திமிங்கல வேட்டை ஆலையும், 1922ல அங்க இறந்துபோன அண்டார்டிகா பயணி ஷாக்கில்டனோட சமாதியும் இருக்கு. அங்க டிசம்பர்ல ஃபர் சீல்கள் குட்டி போடுற நேரம், ஆண் சீல்கள் கடற்கரையை பங்கு போட்டு மூர்க்கமா நிக்கும், சில கரைகள்ல இறங்கவே முடியாது. அதனால தெற்கு ஜார்ஜியாதான் முக்கியம்னு நெனைக்கிறவங்க நவம்பரையோ ஜனவரி கடைசிக்கு அப்புறத்தையோ பாக்குறது நல்லது.

போற வழி பத்தி கொஞ்சம். உஷுவாயால ஏறினா ஒரு சாயங்காலம் பீகிள் கால்வாய், அப்புறம் தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவுல இருக்கிற ட்ரேக் பாசேஜ்ங்கிற கடல், ஒன்னரை நாள்ல இருந்து ரெண்டு நாள். இந்த அட்சரேகையில உலகத்தைச் சுத்தி காத்தை நிறுத்த ஒரு நிலமும் இல்லாததால அலை சும்மா ஏறி வரும், சில நாள் குளம் மாதிரி அமைதியாவும் இருக்கும், எது கெடைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. வாந்தி மாத்திரையை கப்பல் ஆட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போடணும், ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போட்டா பெருசா கேக்காது. ட்ரேக் வேணாம்னா சிலியோட புன்டா அரீனஸ்ல இருந்து ரெண்டு மணி நேர ஃப்ளைட்ல கிங் ஜார்ஜ் தீவுல இறங்கி அங்க கப்பல் ஏறுற வழியும் இருக்கு, செலவு அதிகம், மூடுபனி வந்தா ஃப்ளைட் நாள்கணக்குல தள்ளிப்போகும். ட்ரேக் நடுவுல ஒரு இடத்துல கடல் தண்ணியோட வெப்பநிலை சட்டுனு சில டிகிரி இறங்கும், அண்டார்டிக் குளிர் தண்ணியும் வடக்குத் தண்ணியும் சந்திக்கிற கோடு அது, அங்க இருந்துதான் உயிர்கள் வகையில உண்மையான அண்டார்டிகா ஆரம்பிக்குது. ஆல்பட்ராஸ் பறவைகள் இறக்கையை அசைக்காம கப்பல் பின்னாடியே வரும்.

அந்த ரெண்டு நாள்ல கப்பல்ல நடக்குற ஒரு வேலை எனக்கு ரொம்ப பிடிக்கும். எல்லாரும் வெளில போடப்போற ஜாக்கெட், பேன்ட், பை, ட்ரைபாட் எல்லாத்தையும் எடுத்துட்டு வரணும், வேக்யூம் கிளீனரை வெச்சு பாக்கெட் மூலை, தையல் மடிப்பு, வெல்க்ரோ பட்டை எல்லாத்தையும் உறிஞ்சணும், வெல்க்ரோல மாட்டியிருக்கிற புல் விதையை ஊசி, ட்வீசர் வெச்சு ஒன்னொன்னா எடுக்கணும். ஒரு விதை போய் அங்க முளைச்சா அதை அழிக்க முடியாது, அதுக்குத்தான். ஒவ்வொரு தடவை கரைக்கு போறப்பவும் வர்றப்பவும் பூட்ஸை கிருமிநாசினியில தேய்ச்சுக் கழுவணும். பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபர்ல தெற்கு ஜார்ஜியாவுக்கும், 2024 பிப்ரவரியில தீபகற்பத்துக்கும் வந்துட்டதால இப்ப இன்னும் கடுமை, கரையில உக்காரக் கூடாது, மண்டி போடக் கூடாது, பையைக் கீழ வைக்கக் கூடாது, நோய் சந்தேகம் வந்தா அந்த கரையையே மூடிடுவாங்க.

கரைக்கு முதல்ல கைடுகள் மட்டும் போய் பாதைக்கு கொடி நட்டுட்டு வருவாங்க, திடீர்னு காத்து கிளம்பி கப்பலுக்கு திரும்ப முடியாமப் போனா தங்குறதுக்கு கூடாரம், சாப்பாடுன்னு அவசர மூட்டைகளும் கரையில இறக்கி வெச்சிருப்பாங்க. பென்குயின் கிட்ட இருந்து 5 மீட்டர் தள்ளி நிக்கணும், அது நடந்து நடந்து பனியில பதிஞ்ச பாதையை நீங்க மறிக்கக் கூடாது, அது வந்தா நின்னு வழி விடணும். ஆழமா கால் புதைஞ்சு குழி விழுந்தா அதைப் பனியால மூடிட்டுத்தான் அடுத்த அடி, குட்டிக் கால் பென்குயின் அதுல விழுந்தா ஏற முடியாது. சாப்பாடு எடுத்துட்டுப் போகக் கூடாது, பாத்ரூம் வந்தா கப்பலுக்குத்தான் திரும்பணும்.

ட்ரிப் விளம்பரத்துல போட்டிருக்கிற இடப் பேரெல்லாம் வாக்குறுதி இல்ல, உத்தேசம்தான். காலைல ஏழு மணிக்கு ஸ்பீக்கர்ல எக்ஸ்பெடிஷன் லீடர் இன்னிக்கு நெகோ ஹார்பர்ங்கிற விரிகுடாவுல இறங்குறோம்னு சொல்லியிருப்பார், எட்டு மணிக்கு பனியாத்து மேட்டுல இருந்து காத்து சரிஞ்சு இறங்கி 40 நாட்ல அடிக்கும், வேற விரிகுடாவுக்கு கப்பல் திரும்பிடும். இதுக்கு கோபப்படுறவங்க இருக்காங்க, ஆனா அங்க விட்டுக் கொடுக்கிறது உயிர் விஷயம். முன்னாடி சொன்ன 1969ல கட்டின அந்த முதல் எக்ஸ்பெடிஷன் கப்பல், பேர் எக்ஸ்புளோரர், 2007 நவம்பர்ல கிங் ஜார்ஜ் தீவு பக்கத்துல பனியில இடிச்சு ஓட்டை விழுந்து மூழ்கிருச்சு. பயணிகளும் ஊழியர்களுமா 154 பேரும் லைஃப் போட்ல மணிக்கணக்கா குளிர்ல உக்காந்திருந்து, பக்கத்துல இருந்த நோர்வே கப்பல் வந்து காப்பாத்துச்சு. ஒருத்தர் கூட சாகல, ஏன்னா அன்னிக்கு கடல் அமைதியா இருந்துச்சு, உதவிக்கும் ஒரு கப்பல் கிட்டவே இருந்துச்சு. 2011ல அந்த கடல்ல கனமான எண்ணெய் எரிபொருளுக்கு தடை வந்துச்சு, 2017ல துருவக் கப்பல்களுக்குன்னே தனி சர்வதேச விதிகள் வந்துச்சு.

கவலைன்னு சொன்னேனே, அது இதுதான். சிலி நாட்டு விஞ்ஞானிகள் 2022ல வெளியிட்ட ஆய்வுல, டூரிஸ்ட்டுகள் இறங்குற இடங்கள்லயும் ஆராய்ச்சி நிலையங்கள் பக்கத்துலயும் பனி மேல கரித்தூள் படிஞ்சு அது சீக்கிரம் உருகுதுன்னு காட்டியிருக்காங்க. தீபகற்பத்தோட மேற்குப் பக்கம் ஏற்கனவே சூடாகிட்டு வருது, கடல்பனியை நம்பி வாழுற அடேலி பென்குயின்கள் அங்க குறைஞ்சு, பனி இல்லாத கரையை விரும்புற ஜென்டூங்க தெற்க தெற்க பரவுது. ஒரு இடத்துக்கு 100 பேர்னு ரூல் இருக்கு, ஆனா ஒரு சீசனுக்கு மொத்தம் இவ்ளோ பேர்தான்னு உச்சவரம்பு இன்னும் வரல, வரணும்னு நான் நெனைக்கிறேன், வந்து அதனால எனக்கு சீட்டு கெடைக்காம போனாலும் பரவாயில்ல.

செலவு பத்தி. உஷுவாயால இருந்து 10, 11 நாள் ட்ரிப்புக்கு ஒருத்தருக்கு ஆறேழாயிரம் டாலராவது ஆகும், நல்ல ரூம்னா அதுக்கு ரெண்டு மடங்கும் போகும், உஷுவாயா வரைக்கும் ஃப்ளைட் தனி. நவம்பர் தொடக்கமும் மார்ச்சும் விலை குறைவு. அவசரமா ஹெலிகாப்டர், ஃப்ளைட்ல வெளியேத்துறதுக்கான மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாம பெரும்பாலான கம்பெனிகள் ஏத்தவே மாட்டாங்க. பெரிய ஜாக்கெட்டும் ரப்பர் பூட்ஸும் நிறைய கப்பல்ல அவங்களே கொடுப்பாங்க, நீங்க கொண்டு போக வேண்டியது உள்ள போடுற கம்பளி லேயர், தண்ணி உள்ள விடாத பேன்ட், ரெண்டு செட் கையுறை.

நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள லீவே கெடைக்காதுன்னா வடக்க பாருங்க. அண்டார்டிகா சீசன் முடிஞ்சதும் இதே கப்பல்கள்ல நிறைய ஏப்ரல்ல அட்லான்டிக் ஏறி, ஆர்க்டிக்ல இருக்கிற நோர்வேயோட தீவுக்கூட்டமான ஸ்வால்பார்ட், கிரீன்லாந்து பக்கம் போயிடும், மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் அங்க ஓடும். ஸ்வால்பார்ட்ல கரையில இறங்கினா பனிக்கரடிக்காக கைடு துப்பாக்கியோடதான் வருவார். 2025 ஜனவரியில இருந்து அங்க புது விதி, பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள்ள 200 பயணிகளுக்கு மேல இருக்கிற கப்பல் போகக் கூடாது, கரடியில இருந்து 300 மீட்டர், மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் 500 மீட்டர் தள்ளி இருக்கணும், அதனால கரடியை கிட்டக்க பாக்கலாம்னு யாராவது சொல்லி வித்தா நம்பாதீங்க. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவங்க கவனிக்க வேண்டியது ஒன்னு இருக்கு: ஸ்வால்பார்ட்டுக்கு விசா தேவையில்ல, ஆனா ஃப்ளைட் நோர்வே வழியாத்தான் போகும், நோர்வே இருக்கிறது ஒரே விசாவுல பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக முடியுற ஷெங்கன் பகுதியில, ஸ்வால்பார்ட் அதுக்கு வெளில இருக்கிறதால போறப்ப ஒரு தடவை, திரும்பறப்ப ஒரு தடவைன்னு ரெண்டு தடவை உள்ள நுழைய வேண்டி வரும், அதனால ஷெங்கன் விசா அப்ளை பண்ணும்போதே டபுள் என்ட்ரி கேட்டு வாங்கிடுங்க.